இறக்கையை மூடுவதற்கு முன் வாருங்கள்: விமானப் பாதுகாப்பு விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சொந்தக் கையால் விமானம் கட்டுவோருக்கான விதிகளை எழுதுகிறவர்கள், திருத்துகிறவர்கள், அந்த விதிப் புத்தகத்தோடு எங்கள் கொட்டகைக்குப் பார்வையிட வருகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்த நாட்டு அலுவலகம் என்று பெயர் குறிப்பிடப் போவதில்லை. நான் பேசவிருக்கும் குறை ஓரிடத்துக்கு மட்டும் உரியதல்ல.

விதியே வேண்டாம் என்று கேட்கும் மடல் இல்லை இது. “என் விமானம், என் உயிர், இவர்களுக்கென்ன” என்று பேசுகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு கிடையாது. பக்கத்து இருக்கையில் நண்பரை ஏற்றிக்கொண்டு, அடுத்தவர் கூரைக்கு மேலே பறந்துகொண்டு, என் உயிர் என்று மட்டும் பேசுவது எப்படி நியாயம்?

நான் கேட்பவை இரண்டு. மரத்தை அதன் இனப் பெயரையும் சான்றிதழையும் மட்டும் பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் போதாது. கையில் இருக்கும் பலகையில் அளந்து பார்க்கக்கூடிய குணங்களைக் கேளுங்கள். அடுத்து, விமானம் வண்ணம் பூசி மினுமினுப்பாக நிற்கும்போது வருவதைவிட, இறக்கையின் மேல்தோலை ஒட்டி மூடுவதற்கு முன் வாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் இப்போதுள்ள விதிகளில் பாதிப் பக்கங்களை எடுத்துவிட்டாலும் எங்கள் விமானங்கள் கூடுதல் பாதுகாப்பாகவே இருக்கும் என்பது என் எண்ணம். மிகையாகப் படலாம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று விளக்குகிறேன்.

விமான மரம் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் சிட்கா ஸ்ப்ரூஸ். அலாஸ்காவிலிருந்து வட கலிஃபோர்னியா வரை, வட அமெரிக்காவின் மேற்குக் கடலோரமாக வளரும் ஊசியிலை மரம். அதன் ஒப்படர்த்தி சுமார் 0.40, அதாவது தண்ணீரின் எடையில் பாதிகூட இல்லை. ஆனால் காய்ந்த, குறையில்லாத மாதிரித் துண்டின் வளைவு வலிமை சராசரியாக 70 மெகாபாஸ்கல். எடைக்கு இவ்வளவு வலிமை, கூடவே கணுவில்லாமல் நேராக ஓடும் நீளமான நார், உளிக்கும் இழைப்புளிக்கும் இணங்கும் தன்மை, பசையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் குணம் எல்லாம் ஒரே மரத்தில் அமைந்ததால் அதுவே அளவுகோலாகிவிட்டது. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்திலும் ஸ்ப்ரூஸ் இருந்தது. பீட்டன்போல் ஏர் கேம்ப்பர், ஃப்ளை பேபி போன்ற பழைய வீட்டுத் தயாரிப்பு விமானங்களின் வரைபடங்களிலும் ஸ்ப்ரூஸ்தான் எழுதியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ஓர் இறக்கையின் ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் முழு நீளத்துக்கும் ஓடிச் சுமை தாங்கும் முதன்மைச் சட்டத்துக்கு, நான்கைந்து மீட்டர் நீளத்தில் கணுவே இல்லாத பலகை வேண்டும். அப்படிப்பட்ட பலகை வயதான பெருமரத்திலிருந்துதான் வரும். அந்த மரங்கள் குறைந்துகொண்டே போகின்றன. வரைபடத்தில் ஸ்ப்ரூஸ், விதியில் ஸ்ப்ரூஸ், கிடங்கில் மட்டும் ஸ்ப்ரூஸ் இல்லை என்ற நிலைமை. அப்போது கட்டுபவர் என்ன செய்வார்? ஒருவர் சான்றிதழ் ஒட்டிய சுமாரான பலகையை வாங்குவார். சான்றிதழ் இருப்பதால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இன்னொருவர் நல்ல டக்ளஸ் ஃபிர் பலகையைத் தேடிப் பிடித்து, விதியில் அந்தப் பெயர் இல்லாததால் பதிவேட்டில் எழுதாமல் விட்டுவிடுவார். இந்த இருவரில் எவருடைய விமானத்தில் ஏறுவீர்கள் என்று கேட்டால் எனக்கு இரண்டாமவர் விமானம்தான். ஆனால் உங்கள் காகிதத்தில் முதலாமவர்தான் ஒழுங்கானவர்.

மரத்தை மாற்றுவது புதிய யோசனை எதுவுமில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிட்டுள்ள ஏசி 43.13-1பி என்ற பழுதுபார்ப்பு வழிகாட்டியின் முதல் அத்தியாயமே மரத்தைப் பற்றியது. அதில் ஸ்ப்ரூஸை நூறாக வைத்து மற்ற மரங்களை ஒப்பிடும் அட்டவணை ஒன்று இருக்கிறது. டக்ளஸ் ஃபிர் ஸ்ப்ரூஸை மிஞ்சுகிறது, ஆனால் கைக்கருவிகளுக்கு எளிதில் இணங்காது, வேலை செய்யும்போது பிளக்கும். நோபிள் ஃபிர் மற்றவற்றில் சற்றே மேல், ஆனால் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதை எதிர்க்கும் ஷியர் வலிமையில் 8 சதவீதம் குறைவு. போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் வலிமையில் மேல், ஒட்டுவதில் தொல்லை. வட வெள்ளைப் பைன் ஸ்ப்ரூஸின் 85 முதல் 96 சதவீதம்தான். அளவைக் கூட்டாமல் அதைப் போடக் கூடாது. எனக்குப் பிடித்த அட்டவணை இது. இந்த மரம் நல்லது, அந்த மரம் கெட்டது என்று தீர்ப்பு எழுதாமல், எதில் கூடுதல், எதில் குறைவு, என்ன கவனம் வேண்டும் என்று சொல்கிறது. சான்றளிக்கப்பட்ட விமானங்களைப் பழுதுபார்ப்பதற்காக எழுதப்பட்ட வழிகாட்டிக்கு இருக்கும் இந்தப் பெருந்தன்மை, வீட்டில் கட்டுவோருக்கான விதிகள் பலவற்றில் இல்லை.

அந்த அட்டவணையோடும் நான் நின்றுவிடச் சொல்லவில்லை. மரம் இரும்பு போலச் சீரான பொருள் கிடையாது. ஒரே இனத்தின் குறையற்ற மாதிரித் துண்டுகளை வளைத்து உடைத்தால்கூட, வளைவு வலிமை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் மாறுபாட்டுக் கெழு சுமார் 16 சதவீதம் என்று மரப் பொறியியல் கையேடுகள் எடுத்துக்கொள்கின்றன. விறைப்பில் 22 சதவீதம். அதாவது, சராசரிக்குக் கால் பங்கு கீழே இருக்கும் பலகை அபூர்வமானது அல்ல. இனப் பெயரை அறிந்துகொண்ட பிறகும், என் மேசைமேல் கிடக்கும் இந்தப் பலகை எப்படிப்பட்டது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அதற்குமேல் நாரோட்டம் வருகிறது. நார் பலகையின் நீளத்துக்கு இணையாக ஓடினால் முழு வலிமை. 15-க்கு 1 என்ற சாய்வு, அதாவது 150 மில்லிமீட்டர் போவதற்குள் நார் 10 மில்லிமீட்டர் விலகினால், வளைவு வலிமை நேர் நார்ப் பலகையின் 89 சதவீதம். 10-க்கு 1 என்றால் 81. 5-க்கு 1 என்றால் 55. திடீர் அடியைத் தாங்கும் திறன் இன்னும் வேகமாகச் சரிகிறது: 15-க்கு 1-இல் 81, 10-க்கு 1-இல் 62, 5-க்கு 1-இல் வெறும் 36. சான்றிதழில் இந்த மூன்று பலகைக்கும் ஒரே பெயர்தான் அச்சாகியிருக்கும். விமான வேலைக்கு 15-க்கு 1 என்பதே எல்லை.

இந்தச் சாய்வைப் பார்ப்பதில்தான் ஆய்வாளர்களும் கட்டுபவர்களும் ஒருசேரச் சறுக்குகிறோம். பலகையின் ஒரு முகத்தில் ஆண்டு வளையங்கள் நெருக்கமான கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகள் ஓரத்துக்கு இணையாக ஓடினால் பலகை நேர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் மரம் வளரும்போதே முறுக்கிக்கொண்டு வளர்ந்திருந்தால் அந்த முகத்தில் அது தெரியாது. பலகையைத் திருப்பி, வளையங்கள் அலை அலையாகத் தெரியும் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயும் அலைக் கோலத்தை நம்பக் கூடாது. அது அறுத்த விதத்தால் வருவது. ஸ்ப்ரூஸில் பிசின் ஓடும் நுண்குழாய்கள் மெல்லிய பழுப்புக் கீறல்களாகத் தெரியும். அவை எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அதுவே நாரின் திசை. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு சொட்டு மை விட்டால் போதும், அது நார் வழியே நீளும். அதிலும் நம்பிக்கை இல்லை என்றால் நுனியில் ஒரு துண்டை வெட்டி, உளியை வைத்துத் தட்டிப் பிளந்து பார்க்கலாம். பிளவு பொய் சொல்லாது.

இரண்டு முகத்தையும் தனித்தனியே அளந்தால் மட்டும் போதாது, சேர்த்தும் கணக்கிட வேண்டும். ஒரு முகத்தில் 15-க்கு 1, அடுத்த முகத்திலும் 15-க்கு 1 என்றால் இரண்டும் தேறிவிட்டதாகத் தோன்றும். உண்மையான சாய்வு இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. அது ஏறத்தாழ 10.6-க்கு 1. பலகை தேறவில்லை. இந்த ஒரு வரிக் கணக்கு எங்கள் பதிவேட்டுப் படிவத்தில் ஒரு கட்டமாக இருந்தால் எத்தனையோ சான்றிதழ்களைவிடப் பயன்படும்.

வளையங்களின் நெருக்கமும் அப்படித்தான். ஸ்ப்ரூஸுக்கு அங்குலத்துக்குக் குறைந்தது ஆறு வளையம் என்பது பழைய கணக்கு. ஒட்டும் நேரத்தில் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிசின் பை, கனிமக் கறை போன்றவற்றுக்கு எவ்வளவு வரை சலுகை என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க வேண்டாம்.

சலுகையே இல்லாத குறை ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும். மரம் புயலில் அளவுக்கு மீறி வளைந்தாலோ, வெட்டிச் சாய்க்கும்போது மேடுபள்ளத்தில் விழுந்தாலோ, உள்ளே நார்கள் நெருக்குண்டு மடிந்துவிடும். வெளியே பார்த்தால் நாருக்குக் குறுக்காக மயிரிழை போன்ற ஒரு சுருக்கம். பல நேரம் அதுவும் தெரியாது. அழகாக இழைத்த பலகையை ஜன்னலோரம் கொண்டுபோய், பலமான விளக்கொளியை நாரின் போக்கிலேயே, பலகையை ஏறத்தாழ உரசுவதுபோல் தாழ்வாகப் பாய்ச்சி, கண்ணையும் தாழ்த்திப் பார்த்தால் அந்தச் சுருக்கம் நிழலாகத் தெரியும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் மறைந்துவிடும். இதைப் பார்க்காமல் விட்ட பலகை, இழுவிசை வரும் பக்கத்தில் அமைந்துவிட்டால் எந்த எச்சரிக்கையும் தராமல் ஒடியும். வழிகாட்டிகளில் எல்லாம் இது இருக்கிறது. ஆனால் பலகையைச் சட்டமாக்கி, பூச்சு பூசி, துணி போர்த்திய பிறகு வரும் ஆய்வாளர் விளக்கை எங்கே பாய்ச்சுவார்?

இப்போது சோதனைக்கு வருகிறேன். ஆய்வகமும் பெரிய எந்திரமும் இல்லாமல் மரத்தைச் சோதிக்க முடியாது என்ற எண்ணம் விதி எழுதுவோரிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பார் பலகையின் நுனியிலிருந்தும் 10 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு குச்சி அறுத்து எடுங்கள். 140 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் வைத்து நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே போங்கள். 70 மெகாபாஸ்கல் வலிமை உள்ள மரம் என்றால் வாளியோடு சேர்த்து ஏறக்குறைய 34 கிலோவில் உடைய வேண்டும். கணக்கு எளிது: கிலோவை 9.8-ஆல் பெருக்கி நியூட்டனாக்கிய சுமையை இடைவெளியால் பெருக்கி, ஒன்றரையால் பெருக்கி, அகலத்தாலும் உயரத்தின் வர்க்கத்தாலும் (எல்லாம் மில்லிமீட்டரில்) வகுத்தால் மரம் தாங்கிய தகைவு மெகாபாஸ்கலில் வந்துவிடும். 20 கிலோவிலேயே உடைந்தால் அந்தப் பலகை எந்த இனமாக இருந்தாலும் என் இறக்கைக்கு வேண்டாம். பாதிச் சுமையில் நடுப்பகுதி எவ்வளவு இறங்கியது என்று அளந்து வைத்தால் விறைப்பும் தெரிந்துவிடும். அதே குச்சியை உடைப்பதற்கு முன் எடை போட்டால் அடர்த்தி.

உடைந்த முகத்தையும் பார்க்க வேண்டும். நல்ல மரம் முனகிக்கொண்டே, நீளநீளமான சிம்புகளைப் பிய்த்துக்கொண்டு உடையும். கெட்ட மரம் கேரட்டை ஒடித்ததுபோல் ஒரே சத்தத்தில் பட்டென்று குட்டையாக ஒடிந்துவிடும். உளுத்ததாலோ, உலர்த்தும் சூளையில் சூடு மிஞ்சியதாலோ, நார் நெருக்குண்டதாலோ அது நேரலாம். காரணம் எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். உடைந்த துண்டில் பலகையின் எண்ணை எழுதிப் பையில் போட்டு வைத்தால், உங்கள் ஆய்வாளர் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் மீதிப் பலகையிலிருந்து இன்னொரு குச்சியை அவர் கண்முன்னே அறுத்து உடைக்கச் சொல்லலாம். இதைவிட எளிதாக ஏமாற்ற முடியாத சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். குச்சிச் சோதனையில் தேறிவிட்டது என்பதால் வரைபடத்தில் உள்ள மரத்தை மாற்றும் உரிமை வந்துவிடாது. வரைபடம் போட்டவர் கணக்கிட்டது ஒரு குறிப்பிட்ட மரத்தின் எல்லா குணங்களையும் வைத்து: வளைவு, அமுக்கம், ஷியர், விறைப்பு, எடை. மாற்று மரம் அவை ஒவ்வொன்றிலும் குறையாமல் இருந்தால் அதே அளவில் போடலாம். ஏதாவது ஒன்றில் குறைந்தாலும் மறுகணக்குப் போட வேண்டும். வலிமை கூடுதல் என்று டக்ளஸ் ஃபிரை அதே அளவில் போட்டால் அந்தச் சட்டங்களின் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும்; அது எந்த இடத்தில் கூடுகிறது என்பதைப் பொறுத்து ஈர்ப்பு மையமும் நகரும். விதி இதைக் கேட்கட்டும். கேட்டால் பதில் தர எங்களால் முடியும். பெயரை மட்டும் கேட்டால் பெயரைத்தான் தருவோம்.

பிளைவுட்டைப் பற்றிச் சுருக்கமாக: விமானத் தரத்துக்கும் படகுத் தரத்துக்கும் ஒட்டும் பசையில் பெரிய வேறுபாடு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அடுக்குகளின் எண்ணிக்கையிலும் உள்ளடுக்கில் இருக்கும் வெற்றிடங்களிலும் வேறுபாடு உண்டு. ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பதும், விளிம்பைச் சுற்றிலும் உருப்பெருக்கியால் பார்ப்பதும் கட்டாயமாகட்டும்.

அடுத்தது பசை. மரத்தைவிட எனக்குக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் ஒட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரே பகுதி அது. ஏசி 43.13-1பி ரெசார்சினால் என்ற செயற்கைப் பசையை முழு நம்பிக்கையோடு பரிந்துரைக்கிறது. பாலிலிருந்து செய்யும் கேசீன் பசை காலாவதியானது என்கிறது. எபாக்ஸியை நிபந்தனைகளோடு ஏற்கிறது. எந்தப் பசை என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடும் ஆய்வு இங்கேயும் தோற்றுப்போகும். ரெசார்சினால் இறுக்கமான இணைப்பையும் பலமான அழுத்தத்தையும் கேட்கிறது. மென்மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 150 பவுண்டு வரை. 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது சரியாக இறுகாது. எபாக்ஸி அதற்கு நேர்மாறு. அதே அழுத்தத்தைக் கொடுத்தால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி, இணைப்பு பட்டினியில் நிற்கும். வெயிலில் சூடேறினால் எபாக்ஸி இளகும் என்பதால் அடர்ந்த நிற வண்ணம் வேறு ஆகாது. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் நுழையும்போது பழைய பழக்கத்தையே செய்கிறது. டப்பாவின் பெயரை எழுதி வாங்குவதால் இது எதுவும் தெரிய வராது.

தெரிய வர ஒரு வழி இருக்கிறது. பசை கலக்கும் ஒவ்வொரு முறையும், அதே கலவையால் அதே மரத்துண்டுகள் இரண்டை ஒட்டி, தேதியும் வெப்பநிலையும் எழுதி வைத்து, இறுகிய பிறகு உளியால் பிளந்து பார்ப்பது. மரம் கிழிந்து பசைக்கோடு நின்றால் நல்ல ஒட்டு. பசைக்கோட்டில் மழமழவென்று பிரிந்தால் அன்றைக்கு ஒட்டிய அத்தனையும் சந்தேகம். கவனமாகக் கட்டுகிறவர்கள் பலர் இதைத் தாமாகவே செய்கிறார்கள். கேட்பாரில்லாததால் செய்யாதவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு பழைய நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன். 1931 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் கன்சாஸில் ஃபோக்கர் எஃப்-10 பயணிகள் விமானம் ஒன்று இறக்கை முறிந்து விழுந்தது. இறந்த எட்டுப் பேரில் நியூட் ராக்னி என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரும் ஒருவர். பிளைவுட் தோல் போர்த்திய மர இறக்கை அது. உள்ளே ஈரம் புகுந்து பசை விட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தபோது, மற்ற விமானங்களைச் சோதிக்கத் தோலை உரித்தால்தான் உண்டு என்ற நிலை. பார்க்க வழியில்லாமல் மூடிய இறக்கையை யாரும் நம்பத் தயாராக இல்லை. பயணிகள் விமானங்கள் முழு உலோகத்துக்கு விரைந்து மாறியதில் அந்த விபத்துக்குப் பங்கு உண்டு.

இன்னொன்று மஸ்கிட்டோ. பால்சாவையும் பர்ச் பிளைவுட்டையும் அடுக்கி ஒட்டிச் செய்த டி ஹாவிலாண்ட் போர் விமானம். 1940 நவம்பரில் முதலில் பறந்தது. 1944-இன் பிற்பகுதியில் இந்தியாவில் இருந்த சில மஸ்கிட்டோக்கள் பறக்கும்போதே இறக்கை பிரிந்து விழுந்தன. முதலில் பழி தட்பவெப்பத்தின்மேல் விழுந்தது: பருவமழை, ஈரம், வெப்பம். பிறகு நடந்த விசாரணைகளில், மழைக்காலத்தையே காணாத விமானங்களிலும் அதே குறைகள் இருப்பது தெரிந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய வேலையே தரமாக இல்லை. தேர்ந்த வடிவமைப்பாளர்கள், நல்ல மரம், போர்க்கால ஆய்வாளர்கள் எல்லாம் இருந்தும், மூடிய தோலுக்குள் இருந்த மோசமான ஒட்டை வெளியிலிருந்து எவராலும் பார்க்க முடியவில்லை. எங்கள் கொட்டகையில் மட்டும் முடிந்த விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தால் தெரிந்துவிடுமா?

என்னுடைய அனுபவத்திலும் ஒன்று. எனக்குத் தெரிந்த ஒருவரின் விமானத்தைப் பார்க்க வந்த அதிகாரி பெயர்ப்பலகையையும், எச்சரிக்கை வாசகத்தின் எழுத்து உயரத்தையும் அளவுகோல் வைத்துப் பார்த்தார். எரிபொருள் வால்வு, கட்டுப்பாட்டுக் கம்பிகள் எல்லாவற்றையும் சரியாகவே பார்த்தார். இறக்கையைத் தட்டிப் பார்த்து, “நல்லாச் செஞ்சிருக்கீங்க” என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. மூடிய பெட்டியில் வேறு எதைப் பார்ப்பது? அவரை அந்த நாளில் அனுப்பிய விதிமேல்தான் குறை.

இதற்கு மாற்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. கனடாவில் மூடுவதற்கு முந்தைய ஆய்வு என்று தனியாகவே உண்டு. போக்குவரத்துத் துறையின் சார்பில் எம்டி-ஆர்ஏ என்ற அமைப்பு அதை நடத்துகிறது. பிரிட்டனில் எல்ஏஏ என்ற இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கட்டுமானத்தின் நிலைகள்தோறும் வந்து கையெழுத்திடுகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பங்கு வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும் என்பது விதி. 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்வது அதைத்தான். அங்கே அரசுத் தரப்பு ஆய்வு முடிந்த விமானத்தின்மேல்தான் நடக்கிறது. இடையில் பார்ப்பது ஈஏஏ என்ற, சொந்தமாக விமானம் கட்டுவோர் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்ற தன்னார்வலர்கள். அவர்களை அழைப்பதும் அழைக்காமல் விடுவதும் கட்டுபவரின் விருப்பம். முதல் கட்டப் பறத்தலை மனித நடமாட்டம் குறைந்த பகுதிக்குள் வரையறுப்பது, பொதுவாக 40 மணி நேரம், சான்றளித்த எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் 25 மணி நேரம் என்பது நல்ல ஏற்பாடு. அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் பசை ஒட்டின் குறை 40 மணி நேரத்தில் வெளிப்பட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நாலு மழைக்காலம் பொறுத்திருந்தும் வெளிப்படலாம்.

51 சதவீதக் கணக்கைப் பற்றி ஒரு குறிப்பு. வரைபடத்தை வைத்துப் பலகையிலிருந்து கட்டுகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை; அவர் செய்வது தொண்ணூற்றுச் சொச்சம். பாதி முடிந்த கிட், அதாவது தயார் பாகங்களின் தொகுப்பு, வாங்குகிறவர்களுக்கான கேள்வி அது. மர விமானக்காரர்களிடம் அந்தப் படிவத்தைப் பக்கம் பக்கமாக நிரப்பச் சொல்வதற்குப் பதில், அதே நேரத்தைப் பலகைப் பதிவேட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். ஆள் பற்றாக்குறை என்பீர்கள். மூடுவதற்கு முந்தைய ஆய்வுக்கு அரசு அலுவலர்தான் வர வேண்டும் என்பதில்லை. மர வேலை தெரிந்த, முன்பு விமானம் கட்டியிருக்கிற, வேறொரு ஊரைச் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அதிகாரம் கொடுங்கள். இறுதி ஆய்வை வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளுங்கள். கட்டுபவர் நல்ல மாதிரியை உடைத்துக் காட்டிவிட்டு மோசமான பலகையைப் போடுவார் என்பீர்கள். போடலாம். போலிச் சான்றிதழும்தான் வாங்கலாம். வேறுபாடு என்னவென்றால், மூடாத இறக்கைக்குள் போட்ட பலகை உங்கள் ஆய்வாளர் முன் அப்படியே கிடக்கும். மேல் விளிம்பில் ஒரு சிம்பு எடுத்துப் பார்க்க அவருக்கு உரிமை இருந்தால் போதும். பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் வரும். கட்டியவருடையதுதான், அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுகிற நண்பர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேரும் என்பதால் அவர்களிடமும் ஒன்று. மூடும் முன் ஆய்வாளரை அழைத்தால் வேலை மூன்று வாரம் தள்ளிப்போகும் என்று புலம்பாதீர்கள். அந்த இடைவெளியில் உள்பக்கம் வார்னிஷ் எல்லா மூலையிலும் ஏறியிருக்கிறதா, ஒவ்வொரு அறையின் தாழ்ந்த இடத்திலும் நீர் வடியும் துளை இருக்கிறதா, ரிப்புகளின், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களின், மூலைக் கட்டைகளில் பசை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கிற வேலை தீராது.

அதிகாரிகளே, விதியில் என்ன வார்த்தை வேண்டும் என்றும் எழுதிவிடுகிறேன். சுமை தாங்கும் ஒவ்வொரு மரப் பலகைக்கும் எண் இட்டு, இரு முகச் சாய்வும் சேர்ந்த சாய்வு, வளைய எண்ணிக்கை, அடர்த்தி, ஈரப்பதம், மாதிரிக் குச்சியின் உடைசுமை ஆகியவற்றைப் பதிவு செய்து உடைந்த மாதிரியைப் பாதுகாக்க வேண்டும்; வரைபடத்திலிருந்து மாறும் மரத்துக்கு வடிவமைத்தவரோ தகுதியுள்ள பொறியாளரோ எழுதிய ஒப்பீடு வேண்டும்; பசையின் ஒவ்வொரு கலவைக்கும் பிளந்து பார்த்த மாதிரி வேண்டும்; பெட்டி வடிவ ஸ்பாரின் இரண்டாம் பக்கத்தையோ இறக்கை, வால் பகுதிகளின் கடைசித் தோலையோ ஒட்டுவதற்கு முன் அதிகாரம் பெற்ற ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூடிய பிறகும் எட்டிப் பார்க்க ஸ்பார் இணைப்புகளுக்கு அருகே திறந்து மூடும் துளைகள் வேண்டும். இவை இருந்தால் மரத்தின் இனப் பட்டியலை விதியிலிருந்து எடுத்து, பரிந்துரைப் பின்னிணைப்பாக வைத்துவிடலாம்.

அடுத்த திருத்த வரைவைக் கருத்துக்கு வெளியிடும்போது மரக் கட்டுமானத்துக்கு ஒரு பிரிவைத் தனியாக ஒதுக்குங்கள். வரைவுக் குழு ஒரு நாள் ஒதுக்கினால், உடைந்த குச்சிகளோடும் பிளந்த பசை மாதிரிகளோடும் வந்து மேசைமேல் பரப்பிக் காட்ட நானும் என்னோடு கட்டுகிற நண்பர்களும் தயாராக இருக்கிறோம். வாளியும் மணலும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
மரத்தில் விமானம் கட்டுகிற உங்களில் ஒருவன்